பதினைந்து வாட்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் திருப்புளி என்று பெயர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருப்புளி செருகியிருக்கும். பேனாவை மறந்தாலும் மறப்பார், அதை மறக்க மாட்டார். நகரத்துக் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் எங்களுடையது. முப்பத்தேழு கணினிகள், முப்பத்தேழும் அவர் பொறுப்பு. நான் தபால் பிரிவு, அவருக்கு எதிர் மேஜை. பன்னிரண்டு வருடமாக அவர் முகத்தில்தான் விழிக்கிறேன், வேறு வழியில்லை.

நல்ல மனிதர்தான். ஆனால் "செஞ்சிடலாம்" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். அதைச் சொன்ன மாத்திரத்திலேயே செய்து முடித்த திருப்தி அவருக்கு வந்துவிடும். என் விசைப்பலகையில் ஒரு எழுத்து இரண்டு வருடமாக விழுவதில்லை. கேட்டால் செஞ்சிடலாம்.

வரைபட அக்காவின் மேஜை ஜன்னல் ஓரம். எந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் போகும் என்று பார்ப்பது அவர் வேலை. எண்களை அக்கா கொடுப்பார், கணக்கைக் கணினி போடும். மாடியில் புதுக் கணினி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிற கணக்கு, அக்காவுக்கு ஐந்து மணி நேரம் இழுக்கும். ஒரு எண் தப்பாகிவிட்டால் மறுபடியும் ஐந்து. பழைய மிஷின் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் "அக்கா கொஞ்சம் ஸ்லோ" என்றுதான் பேச்சு. நானும்தான் சொன்னேன். அக்கா மதியச் சாப்பாட்டைத் திரைக்கு முன்னாலேயே முடிக்கப் பழகினார். கண்ணாடியை மாற்றினார். லீவு போட்டுப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தார்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்குள் கிழக்குப் பகுதி முடியாவிட்டால் வேலை மாடிக்குப் போகும், அக்கா பதிவறைக்குப் போவார். பதிவறைக்கு ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவர் அங்கே உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு நூல் கட்ட வேண்டியதுதான்.

அக்கா நேராகத் திருப்புளியிடம் வந்தார்.

"தம்பி, புது மிஷின் வராதுன்னு தெரியும். இருக்கறதையே கொஞ்சம் முடுக்கி விட முடியுமா?"

"செஞ்சிடலாம்க்கா," என்றார். என்ன அதிசயமோ, உடனே எழுந்தும் போனார்.

கணக்கை ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் அரை நிமிடம் நன்றாகப் பாய்ந்தது. அப்புறம் யாரோ கடிவாளத்தைப் பிடித்து இழுத்த மாதிரி தளர்ந்தது. மூன்று தடவை ஓட்டினார், மூன்று தடவையும் அப்படியே.

"வயசானதுன்னா ஆரம்பத்துலேர்ந்தே நொண்டும். இதை யாரோ புடிச்சு வச்சிருக்காங்க," என்றார்.

கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். அது கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் நீலத் திரை ஒன்று வரும். புராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற வரம்பு அங்கேதான் இருக்கிறது. இந்த புராசஸருக்கு நியாயமாக அறுபத்தைந்து வாட் இருக்க வேண்டும். பதினைந்து இருந்தது.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய மேலாளர் அக்காவின் மேஜையை ஒட்டிய பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணினி விசிறி இரைச்சலில் மண்டை வெடிக்கிறது என்று ஒரு நாள் குதித்தார். சூடு குறைந்தால் விசிறி அடங்கும், வரம்பைக் குறைத்தால் சூடு குறையும். திருப்புளி பதினைந்து வாட் வைத்தார். நல்ல விசிறி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வரம்பைப் பழையபடி ஏற்றிவிடலாம் என்று நினைத்தார். மூன்றாம் மாதம் அந்த மேலாளர் மாற்றலாகிப் போனார். இவர் அடியோடு மறந்துபோனார்.

இப்போது இரண்டு நாள் அந்தக் கணினியைக் கட்டிக்கொண்டு அழுதார். எண்ணை மட்டும் ஏற்றினால் சூட்டில் அணைந்துவிடும். உள்ளே படிந்திருந்த தூசியைத் தட்டினார். புராசஸர் மேல் காய்ந்து பொடியாகிக் கிடந்த, சூட்டை வெளியே கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். செத்துப்போன கணினி ஒன்றிலிருந்து பெரிய விசிறியைப் பிடுங்கி மாட்டினார். அறுபத்தைந்து வைத்து ஒரு மணி நேரம் சூட்டைப் பார்த்தார். எண்பது வைத்தார், சூடு எகிறியது. மின்சாரம் கொடுக்கும் பெட்டிக்கும் வயதாகிவிட்டது என்று எழுபத்தைந்தில் நிறுத்தினார். ஐந்து மணி நேரக் கணக்கு ஒன்றே முக்காலில் முடிந்தது.

வியாழன் மதியம் கிழக்குப் பகுதி தயார். மேலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"பரவால்லியே. மனசு வச்சா உங்களாலயும் முடியுது. இந்த வேகம் இத்தன வருஷம் எங்க போயிருந்துச்சு?"

அக்கா சிரித்தார். பக்கத்திலேயே நின்ற திருப்புளி வாயைத் திறக்கவில்லை. எனக்கு மட்டும் அப்போது விஷயம் தெரிந்திருந்தால் நடுமண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

மறுநாள் காலை திருப்புளிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையில் யூனிஃபார்மை மடித்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாராம்.

"மருந்து மாத்திக் குடுத்துட்டா நாங்க நோயாளிகிட்ட சொல்லணும், எழுதியும் குடுக்கணும். உங்க ஆஃபீஸ்ல அதெல்லாம் இல்லியா?"

அலுவலகம் வந்ததும் நேரே அக்காவின் மேஜைக்குப் போய், நான் கேட்கவே எல்லாவற்றையும் சொன்னார். அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷம்க்கா."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"நான் டாக்டர்கிட்ட போனேன் தம்பி. மூளையில ஏதாவது கோளாறான்னு பாக்கச் சொன்னேன். ஸ்கேன்கூட எடுத்தாங்க. வீட்ல யாருக்கும் தெரியாது."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா," என்றார் திருப்புளி.

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல மேலாளருக்கு எழுதுங்க. வருஷா வருஷம் என் ரிப்போர்ட்ல மந்தம்னு எழுதி வச்சிருக்காங்க."

காகிதத்தை நகர்த்திப் பேனாவையும் கொடுத்தார். திருப்புளி நின்றபடியே எழுதினார். கணினியின் மின் வரம்பைத் தான் குறைத்து வைத்திருந்ததால் சில வருடங்களாக அக்காவின் பணி தாமதமானது, அவர்மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்துக் காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

"சில இல்ல தம்பி. ஆறுன்னு போடுங்க."