மியூட்டில் இருந்தவள்

ஆபீஸில் அவளுக்குப் பெயர் எக்ஸ்ட்ரா அக்கா. அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, சொந்தத் தங்கையின் புருஷன்.

ஒரு முதலாளியின் மருத்துவமனைகளுக்கான கணினி வேலை முழுவதும் ஒரு பெரிய டேட்டா சென்டரில் ஓடியது. அது படுத்துவிட்டால் கைகொடுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சென்டர். பெரியதில் பதிவதெல்லாம் உடனுக்குடன் சின்னதில் நகலாகிவிடும். இந்த ஏற்பாட்டை யோசித்துக் கட்டியவள் அவள்தான். வேலையில்லாமல் திரிந்த தங்கை புருஷனை முதலாளியிடம் கெஞ்சிச் சேர்த்துவிட்டவளும் அவளே. அவன் என்ன செய்தான்? இவரிடம் ஒன்று, அவரிடம் ஒன்று போட்டுக்கொடுத்துத் தலைமை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவளைச் சின்ன சென்டருக்குத் தள்ளினான். "அக்காவுக்கு என்ன, ஏசியில தூங்கறதுதான் வேலை" என்று சொந்தக்காரர்கள் நடுவே வேறு சிரித்தான். வயிறு எரியுமா, எரியாதா?

ஒரு நாள் பெரிய சென்டரில் ஏசி குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டியது, கரண்ட் போனது. எல்லா வேலையும் தானாகவே சின்ன சென்டருக்கு மாறி, ஒரு குறையும் இல்லாமல் மூன்று நாள் ஓடியது. அதற்கு முதலாளியிடம் பாராட்டு வாங்கியவனும் அவன்தான்.

பெரிய சென்டரைச் சரிசெய்ததும், எல்லாவற்றையும் அங்கே திருப்பிக் கொண்டுபோக நாள் குறித்தார்கள். அவள் அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நாளைக்கு டேட்டா விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும்..."

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா? லைன்ல முதலாளி இருப்பாரு. நீங்க மியூட்ல இருங்க. கேட்டா மட்டும் பேசுங்க, போதும்."

இருடா மகனே, என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

மறுநாள், வேலை முடியும்வரை யாரும் எதையும் பதிய வேண்டாம் என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் முதல் காரியமாகத் தன் பக்கத்து டேட்டா முழுவதையும் தனி டிஸ்க்கில் நகலெடுத்து எடுத்துவைத்தாள். அவனைக் காப்பாற்றவா? நல்ல கதை! நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவனுக்கு மட்டும் ஆக வேண்டும். அதற்காகத்தான்.

லைனில் அவன் குரல் கணீரென்று கேட்டது. அவள் திரையில் நகல் போகும் திசை தெரிந்தது: பெரியதிலிருந்து சின்னதுக்கு. என்றைக்கும் ஓடுகிற அதே திசை. மடையன் அதை மாற்றவே இல்லை! மூன்று நாளாகச் சேர்ந்த புது டேட்டா அவள் பக்கம் இருக்கிறது. இப்போது அவன் பட்டனைத் தட்டினால் அங்கே கிடக்கும் பழையது வந்து புதியதை அழித்துவிடும். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மியூட் பட்டன் மேல் விரல் போனது. அவன் சம்பளத்தில் ஓடும் தங்கையின் வீடு நினைவுக்கு வந்தது. ஏசித் தூக்கமும் நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

அவன் தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் மருத்துவமனைகளிலிருந்து போன் மேல் போன். மூன்று நாளில் சேர்ந்த நோயாளி ஒருவரையும் காணோம். பிரசவ வார்டில் தொட்டிலில் கிடந்து வீல் வீலென்று கத்துகிற குழந்தைகள் கணினியில் இன்னும் பிறக்கவே இல்லை. முதலாளி கத்தினார்.

அப்போதுதான் அவள் மியூட்டை எடுத்தாள். "எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு சார்."

தனி டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்டு, திசையைத் திருப்பி, பெரிய சென்டருக்கு அனுப்பினாள். முதலில் டேட்டாபேஸ், பிறகு லேப், மருந்துக்கடை, பில்லிங் என்று ஒவ்வொன்றாக எழுப்பினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி ஓடியது.

"தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியலையாம்மா?" என்றார் முதலாளி.

"தெரிஞ்சுது சார். பேச வேணாம்னு தம்பி சொல்லியிருந்தாரு."

அவன் லைனில்தான் இருந்தான். அன்றே அவன் வேலை போனது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னாள்.

டீ வருவதற்குள் தங்கை கூப்பிட்டாள். அழவில்லை.

"அவரு பட்டனைத் தட்டறப்ப நீ லைன்லதான இருந்தே?"

"இருந்தேன்டி. உன் புருஷன்தான் என்னைப் பேச வேணாம்னாரு."

"அவரு சொன்னாருக்கா. நான் சொன்னேனா?"