களத்தில் முதல் ஆள்

வீரையன் அவசரப்படாத மனுஷன் என்று ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் யாரும் அவரோடு குடும்பம் நடத்தியவர்கள் இல்லை. நடத்தியவள் பொன்னுத்தாய். அவளிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் எங்கள் ஊர். வீரையனின் அப்பா காலம் முழுக்கப் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். வீரையன் அந்தத் தலைமுறையைத் தாண்டி, சொந்தமாகச் சாகுபடி செய்கிற ஆளாக வந்தார். நிலம் தரங்கம்பாடியில் கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீன் பாயுடையது, வீரையனுக்குக் குத்தகை. போன வருஷம் வெள்ளத்தில் எல்லாம் போயிற்று. பாய் பொறுத்துக்கொண்டார். இந்த வருஷம் விதை விடும்போதே சொல்லிவிட்டார்: "வீரையன், இந்த சம்பாவுக்கும் குத்தகை வந்து சேரலைன்னா நான் வேற ஆளுக்கு விட்டுருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது." ஆக, அந்த சம்பா நெல் நல்லபடியாகக் கொள்முதல் ஆனால் நிலம் கையில் இருக்கும். இல்லையென்றால் இல்லை. வீரையனின் கதை மொத்தமும் இவ்வளவுதான். மீதி சீட்டாட்டம்.

அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தின் களத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் உடனே எடை போட்டுவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, ஏற்கெனவே பிடித்த மூட்டை நகரவில்லை என்று நாட்கள் போகும். குவியலை விட்டு நகரவும் முடியாது. ஆடு மேயும், ஆள் அள்ளுவான். எனவே எல்லோரும் அங்கேயே கிடப்போம். சும்மா கிடக்கிற ஆம்பிளைகள் என்ன செய்வார்கள்? மூணு சீட்டு. என் குவியல் வீரையனின் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

காசு வைத்தால் போலீஸ் தொல்லை என்று புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். கொட்டை தீர்ந்தவன் டீ வாங்கிக் கொடுக்கணும், இல்லை ஜெயித்தவனின் குவியலுக்கும் சேர்த்து ராத்திரி காவல் இருக்கணும். சில பேர் துணிந்து எடை போடும் வரிசையையே வைத்து ஆடுவார்கள். அது எங்கள் களத்துப் பழக்கம். நல்ல பழக்கம் என்று நான் சொல்லவில்லை.

வீரையன் அங்கே மதிப்பான ஆட்டக்காரர். சுமாரான சீட்டு வந்தால் கவிழ்த்துவிட்டு பீடியைப் பற்ற வைப்பார். நல்ல சீட்டு வந்தால் மட்டும் கொட்டையைத் தள்ளுவார். அவர் தள்ளினாலே மற்றவர்கள் பயந்து எறிந்துவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் வந்து உட்கார்ந்தான் அறிவுச்செல்வன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பிய பயல். அவன் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். பிளைண்டு, பிளைண்டு, பிளைண்டு என்று கத்திக்கொண்டே கொட்டையைக் கை நிறைய அள்ளிப் போடுவான். மூணு சீட்டில் பார்க்காமல் ஆடுகிறவன் ஒன்று வைத்தால், பார்த்து ஆடுகிறவன் இரண்டு வைக்கவேண்டும். அவன் மலைபோல் குவிக்கக் குவிக்க, கையில் ஏதோ சுமாராக வைத்திருந்தவர்கள் எல்லாம் எறிந்துவிட்டு ஓடினார்கள்.

"என்ன மாமா, சீட்டு சரியில்லையா? என்னோடது எப்படின்னு எனக்கே தெரியாது. நான் பயப்படறனா?" என்று வீரையனைச் சீண்டுவான். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

வீரையன் தொடர்ந்து தோற்றார். நல்ல சீட்டுக்காகக் காத்திருந்த நேரத்திலேயே கொட்டை கரைந்துபோனது. ராத்திரி காவல் இருந்தார், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் காவல் இருந்தபோது யோசித்திருக்கிறார். மறுநாள் ஆளே மாறி வந்தார்.

முதலில் இடத்தை மாற்றினார். அறிவுச்செல்வனுக்கு அடுத்ததாகப் போய் உட்கார்ந்தார். அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டுத் தான் செய்யலாமே. பிறகு, பெரிய சீட்டுக்குக் காத்திருப்பதை விட்டார். "பாக்காம ஆடறவன் கையில என்ன இருக்கும் தம்பி? பாதிக்கு மேல குப்பைதான் இருக்கும். நமக்கு ஒரு ஏஸோ, சின்ன ஜோடியோ இருந்தாப் போதும்" என்று என் காதில் சொன்னார். அவனை மிரட்டுவதையும் நிறுத்திவிட்டார். மிரளாதவனை மிரட்டி என்ன பயன்? தானாக ஏற்றாமல், அவன் ஏற்றுகிறதற்கு மட்டும் ஈடு கொடுத்துக்கொண்டு, முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டு, கடைசியில் சீட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஷோ கேட்டார். கொட்டை மொத்தமும் இந்தப் பக்கம் வந்தது. நாங்கள் வாயைப் பிளந்தோம். இதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் நிஜமாகவே மரியாதை வந்தது. அங்கேயே அவர் எழுந்திருந்தால் இன்றைக்கும் அந்த மரியாதை இருக்கும்.

கடலில் புயல் சின்னம் என்று டீக்கடை டிவியில் சொன்ன அன்று அறிவுச்செல்வன் உசுப்பேறி வந்தான். மறுநாள் காலை எடையில் முதல் ஆள் அவன். வீரையனுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் முறை.

"என் வரிசையை வைக்கறேன் மாமா. நீங்க ஜெயிச்சா காலையில நீங்க முதல் ஆளு, நான் உங்க இடத்துக்குப் போறேன். நீங்க தோத்தா இன்னிக்கு ராத்திரி என் குவியலுக்குக் காவல். அவ்வளவுதான்."

மழை வருவதற்குள் எடை முடிந்தால் நிம்மதி. வீரையன் உட்கார்ந்துவிட்டார். அறிவுச்செல்வன் தன் நெல்லைக் காய வைத்து முன்னமே மூடிவிட்டான். வீரையனின் நெல் அப்போதும் களத்தில் பரத்திக் காய்ந்துகொண்டிருந்தது.

தை மாதத்துப் பனி எங்கள் பக்கத்தில் சாயங்காலமே இறங்கிவிடும். காயும் நெல்லை வெயில் தாழ்வதற்குள் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடணும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீரையனுக்கு அன்று பார்த்துச் சீட்டே வரவில்லை. கவிழ்க்கிறார், ஈடு கொடுக்கிறார், மறுபடி கவிழ்க்கிறார். கொட்டை கூடுகிறது, குறைகிறது. ஆட்டம் முடிகிற வழியாக இல்லை.

பொன்னுத்தாய் நெல் கூட்டும் பலகையோடு வந்து நின்றாள். "இந்தாங்க, பனி எறங்குது. வந்து ஒரு கை புடிங்க."

"இரு, வரேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள். "என்னால தனியா முடியலீங்க."

"போடி. நாளைக்கு முதல் ஆளா நிக்கறதுக்குத்தான உக்காந்திருக்கேன்?"

அவள் போய்விட்டாள். தனியாளாகப் பாதி நெல்லைக் கூட்டி மூடினாள். மீதிப் பாதி பனியில் கிடந்தது. நாங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீரையனுக்கு ஜோடி எட்டு வந்தது. அறிவுச்செல்வன் வழக்கம்போல் பார்க்காமல் எல்லாக் கொட்டையையும் நடுவில் தள்ளினான். வீரையன் அசையாமல் ஈடு வைத்து ஷோ கேட்டார். பயல் திருப்பினான். ஒரு ராஜா, இரண்டு துக்கடா. அவ்வளவுதான்! களமே கத்தியது. வீரையன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்போடு போனவர் தப்புக்கு மேல் தப்பு செய்தார். நனைந்த நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒன்றாக வாரிக் குவித்தார். பொன்னுத்தாய் குறுக்கே விழுந்து தடுத்தாள். "ஈரத்தைத் தனியா போடுங்க, ஒண்ணா சேக்காதீங்க!" காலையில் குவியல் தயாராக நிற்கவேண்டும் என்பது அவருக்கு. முதல் ஆளாயிற்றே.

காலையில் பனிமூட்டம் விலகவே இல்லை. கொள்முதல் நிலையத்து எழுத்தர் வந்து குவியலுக்குள் கையை விட்டு நெல்லை எடுத்து மெஷினில் வைத்தார். ஈரம் நூற்றுக்குப் பதினேழுக்குள் இருக்கவேண்டும். பத்தொன்பது காட்டியது. "காய வச்சுட்டுக் கடைசியா வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்ந்தார். வீரையன் அவர் பின்னாலேயே ஓடினார். கெஞ்சினார். நேற்று எப்படி ஆடினார் என்பதை எழுத்தரிடம் சொன்னார்போல. அந்த ஆள் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் நல்ல வெயில், ஆனால் வீரையனின் முறை இப்போது எல்லோருக்கும் கடைசி. வீரையனின் முறையில் அறிவுச்செல்வனின் நெல் எடை ஏறியது. மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பயல் லோடுமேன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் மழை பிடித்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் போய், மழை விட்டபோது வீரையனின் குவியல் பச்சையாக முளைத்திருந்தது. வாத்து மேய்க்கிறவன் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டான்.

அப்போதாவது பாயிடம் ஓடிப்போய் நின்றிருக்கலாம். பொன்னுத்தாய் தலைபாடாக அடித்துக்கொண்டாள். வீரையன், "பாய்க்குக் கோவம் ஆறட்டும். நேரம் பாத்துப் போகணும்" என்று வீட்டில் உட்கார்ந்தார். அறிவுச்செல்வன் நேரமெல்லாம் பார்க்கவில்லை. ஒருநாள் பைக்கை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடி போனான். நிலம் எங்கே இருக்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல், "எனக்கு விடுங்க பாய்" என்றானாம். பாய் விட்டுவிட்டார்.

ஆனியில் தண்ணீர் வந்தது. அதே வயலில் குறுவை நடவு. அறிவுச்செல்வன் நடவுக்கு ஆள் கூப்பிட்டான், பொன்னுத்தாய் போனாள். போகாமல் என்ன சாப்பிடுவார்கள்?

வீரையன் டீக்கடையில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் புளித்துவிட்டது, நான் ஒருவன்தான் மிச்சம். முழங்கால் வரை சேற்றோடு பொன்னுத்தாய் அந்த வழியாக வந்தாள். அவளை நிறுத்தினார்.

"நீயே சொல்லு. நான் ஆடினதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"ஆட்டத்துல ஒரு தப்பும் இல்லீங்க. நான் கூப்பிட்டப்ப எந்திரிச்சு வந்திருந்தா தோத்திருப்பீங்க. ஒரு ராத்திரி காவல். அதோட போயிருக்கும். மத்தியானம் நம்ம முறை நம்மகிட்டதான இருந்துருக்கும்? இன்னிக்கு நம்ம வயல்னு நட்டுட்டு வந்திருப்பேன்."

அவள் நிற்காமல் போய்விட்டாள். வீரையன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அது சரி தம்பி. ஜோடி எட்டைக் கையில வச்சுக்கிட்டு எப்படி எந்திரிக்கறது?"