அலாரம் பழகிய மத்தியானம்

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு நர்சிங் பயிற்சி தொடங்க இருந்தது. அங்குள்ள கருவிகள் எதெதற்கு எப்படி அலறும் என்று செல்போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒன்றுபோலவே கேட்டுத் தொலைத்தது. எரிச்சலில் சத்தத்தைக் கூட்டினேன்.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பக்கத்து அறையில் தூங்கிய அப்பா, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து பூட்ஸுக்குள் காலை விட்டார்.

"எந்த பெல்ட்டு நின்னுச்சு?"

சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டைக் கேட்கிறார்; அது நின்றாலும் அலாரம் அடிக்கும்.

"பெல்ட்டு இல்லப்பா. பேஷன்ட்டுக்கு மூச்சு கொறஞ்சா அடிக்கிறது."

ஒரு கால் பூட்ஸோடு என்னைப் பார்த்தார். நான் கட்டிலில் சாய்ந்தபடி அடுத்த சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன் இன்னும் படுத்துகினு இருக்க?"