கீழ்வரிசைப் பல் நாலும் ஒரு ஃபான் ரெகுலேட்டரும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது நல்லது.

வெள்ளவத்தையில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் உதவியாளனாக இருந்தேன். கதிரையில் வந்து வாயைத் திறந்த ஒவ்வொருவருக்கும், பிளாஸ்டிக் பல்லுச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ரண்டு நிமிஷம் தீட்டவேணும், அரை நிமிஷம் மேலை வலம், அரை நிமிஷம் மேலை இடம்" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தவன் நான். ஆனால் அந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளாவது நான் இரண்டு நிமிடம் தீட்டினேனா என்றால், இல்லை. ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்தான் என் கணக்கு.

இது ஒன்று. இரண்டாவது மடத்தனம், கனடாவிலிருந்து வந்த ஒரு மெஷினைக் கொழும்புக் கரண்டில் செருகியது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். கிளினிக் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வாசித்தால் ஒரு மெஷினாவது தப்பும்.

1. ஷோகேஸுக்குள் இருந்த மெஷின்

சண்டைக் காலம். நான் புஷ்பமக்கா வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே அக்கா இடியப்பம் அவித்து லொட்ஜுகளுக்குக் கொடுப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து வருடத்துக்கு மேல். மகன் கனடாவில். "ஸ்பொன்சர் சரிவந்தால் போயிடுவன்" என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தா.

மகன் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டியில் இரண்டு சாமான் இருந்தன. ஒன்று பற்றரியில் ஓடுகிற எலெக்ட்ரிக் பிரஷ். மற்றது தண்ணீர் பீய்ச்சிப் பல்லிடுக்கைக் கழுவுகிற மெஷின்: ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, சுருள் குழாய், நுனியில் பேனா மாதிரி ஒரு முனை. வாட்டர் ஃப்ளொஸர் என்று பெட்டியில் போட்டிருந்தது. அக்கா இரண்டையும் பொலித்தீன் உறை கழற்றாமல் ஷோகேஸுக்குள் வைத்தா, சுவிஸிலிருந்து வந்த மணிக்கூட்டுக்குப் பக்கத்தில்.

"ஏன் அக்கா பாவிக்கேல்லை?"

"கனடாவுக்குப் போய்ப் பாவிப்பம். இஞ்சை என்னத்துக்கு?"

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பாதி வீடுகள் அப்படித்தான். நல்ல போர்வை, நல்ல பிளேட், நல்ல சப்பாத்து எல்லாம் போகிற நாளுக்கென்று கட்டி வைத்திருக்கும். பழசில்தான் சீவியம்.

எட்டு மாதம் கழித்து அக்காவின் முரசில், பல்லீறில், இரத்தம் வரத் தொடங்கியது. இடியப்ப உரலைப் பிழிகிறபோது பல்லைக் கடிப்பா, அப்போதும் வரும். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். எங்கள் டொக்டர் அம்மா அதிகம் கதைக்காத ஆள். புரோப் என்கிற கோடு போட்ட கம்பியை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டு அளந்தா. கீழ்வரிசை முன்பல் நான்கிலும் ஏழு மில்லிமீற்றர் இறங்கியது. மூன்றுக்கு மேல் போனாலே நாங்கள் முகம் சுளிப்போம்.

"ஸ்கேலிங் செய்து காறையை எடுத்து விடுறன். ஆனா வீட்டிலை நீங்கள் துப்பரவாக வைச்சிருக்கவேணும். மூண்டு மாசத்திலை குறையாட்டி நாலையும் கழற்றுறதைத் தவிர வழியில்லை."

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினா.

"வீட்டை விட்டிட்டு வந்தன், காணியை விட்டிட்டு வந்தன், கிணத்தை விட்டிட்டு வந்தன். பல்லை விடமாட்டன் டொக்டர்."

வீட்டுக்கு வந்ததும் நேரே ஷோகேஸைத் திறந்தா. பொலித்தீனைப் பல்லால் கடிக்கப்போய், நினைவு வந்து, கத்தரிக்கோல் எடுத்தா.

"சிவா, இதை எப்பிடிப் போடுறது? நீதானே கிளினிக்காரன்."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மெஷினைக் குப்புறப் பிடித்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், பிளக்குக்கு ஓர் அடப்டரைப் போட்டுச் சுவரில் செருகி, பெரிய மனிசன் மாதிரி சுவிட்சைத் தட்டினேன். மெஷின் ஒரு தரம் கத்தியது. பிறகு புகை வந்தது. பிறகு மணம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தா. நான் மெஷினைப் பார்த்தேன்.

"எட்டு மாசம் ஷோகேஸுக்குள்ளை உயிரோடை இருந்தது" என்றா அக்கா. "நீ கை வைச்சு எட்டுச் செக்கன் இருக்காது."

2. கொட்டாஞ்சேனை வைத்தியம்

கொட்டாஞ்சேனையில் மோட்டர் வைண்டிங் செய்கிற முத்தையா என்று ஒருவர் இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். ஃபான், மிக்ஸி, தண்ணீர்ப் பம்ப் எல்லாம் அவர் மேசையில் வயிறு பிளந்து கிடக்கும். மெஷினைத் திறந்து ஒருதரம் மோந்து பார்த்தார்.

"என்னாங்கண்ணே இது?"

"பல்லுக் கழுவுற மெஷின்."

"பல்லு வெளக்கவும் மெசினா? கையி என்னாத்துக்குங்க இருக்கு?" சிரித்துவிட்டு, அடியில் இருந்த எழுத்தை விரலால் காட்டினார். "நூத்திப்பத்து வோல்ட்டுன்னு போட்டிருக்கான் பாருங்க. நூத்திப்பத்துல பொறந்தத இருநூத்திமுப்பதுல விட்டா சாகாம என்னா செய்யும்? படிச்சவங்கதானேண்ணே நீங்க?"

"பல்லு மட்டும்தான் படிச்சனான்."

நம்முடைய கரண்டுக்கு ஏற்றமாதிரி கம்பியைத் திருப்பிச் சுற்றித் தந்தார். ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் கடைக்கு வெளியே போய், ரோட்டால் போனவரின் இடுப்புச் சாரத்தில் பட்டது. முத்தையா யோசித்தார். மேசைக்கடியில் தேடி, பழைய சீலிங் ஃபான் ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து நடுவில் வைத்துக் கறுப்பு டேப் சுற்றினார். ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கம்.

"ஒண்ணுல வச்சுத் தொடங்கச் சொல்லுங்க. அஞ்சுல வச்சா பல்லு கனடாவுக்கு அக்காவுக்கு முந்திப் போயிரும்."

அந்தச் சாமானை ஒருதரம் மனக்கண்ணில் பாருங்கள். தொட்டி, குழாய், வயர், கறுப்பு டேப், திருகுகிற குமிழ். அதை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, அந்த வருடங்களில், பஸ்ஸில் வரவேண்டும். ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிப்பொயின்ற்றில் கேளாத கேள்விக்கும் பதில் சொல்லுகிற ஆள் நான். ஆமிக்காரன் பஸ்ஸில் ஏறுமுன்பே ஐசி என்கிற அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழும்பி நிற்பேன். அன்றைக்கு ஏறியவன் என்னைப் பார்த்து, "இரும், இரும்" என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனான். பயந்தவனைச் சோதிப்பது அவனுக்கே அலுத்துப் போயிருக்கும்.

3. பழக்கியது

பிள்ளைகளே, இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். நான் படித்துச் சொல்வதல்ல, நனைந்து சொல்வது.

ஃப்ளொஸரைக் கண்ணாடி பார்த்துக்கொண்டு பாவிக்க முடியாது. பேசினுக்கு மேலே குனியவேண்டும். முனையை வாய்க்குள் வைத்த பிறகுதான் சுவிட்ச். உதட்டை லேசாக மூடவேண்டும், தண்ணீர் தானாக வழிந்து விழும். இளஞ்சூட்டுத் தண்ணீர். முரசுக் கரை வழியே மெதுவாகப் போகவேண்டும். அது முடியப் பிரஷ். எலெக்ட்ரிக் பிரஷை நம்மவர் சட்டி உரஞ்சுவது மாதிரி இழுப்பார்கள், கூடாது. பல்லில் வைத்துப் பிடித்தால் போதும், வேலையை அது செய்யும். அரை நிமிடத்துக்கு ஒருதரம் உதறும், இடம் மாற்றவேண்டும். நாலு உதறல், இரண்டு நிமிடம், தானாக நிற்கும்.

பிரஷுக்குப் பற்றரி போடும்போது அக்கா சிரித்தா.

"ஊரிலை றேடியோவுக்கு ஒரு பற்றரி கிடையாது. சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்திச் செய்தி கேட்டனாங்கள். இப்ப பார், பல்லுக்கே ரண்டு பற்றரி போடுறன்."

முதல் கிழமை பேசின் முழுக்க இரத்தம். பயந்தது நான்தான். "விடுங்கோ அக்கா, கொஞ்ச நாள் பொறுப்பம்" என்றேன். டொக்டரிடம் போய்ச் சொன்னபோது கிடைத்த ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. "அழுகின முரசுதான் இரத்தம் விடும். நிப்பாட்டினா இன்னும் அழுகும். ஒருநாளும் இடையிலை விடக்கூடாது எண்டு சொல்லும், விளங்குதோ?"

அப்படியே போய்ச் சொன்னேன். ஒருநாளும் இடையில் விடக்கூடாது. அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று அப்போது தெரியாது.

4. இரண்டு விரல்

மூன்று மாதம் முடிய மூன்று கிழமை இருந்தது. விடியப்புறம் ஐந்தரை. அக்கா இடியப்பம் அவித்து முடித்து, பின்பக்க பேசினில் ஃப்ளொஸரால் பல்லிடுக்கைக் கழுவிக்கொண்டிருந்தா. கதவில் தட்டு. நான் ஓடிப்போய்த் திறந்தேன்.

செக்கிங். ஒரு பொலிஸ் அதிகாரி, இரண்டு ஆமிக்காரர், ஒரு பெண் பொலிஸ். அதிகாரியின் கையில் வீட்டில் இருப்போர் பதிவுப் பத்திரம். என் பெயர் இருந்தது, ஐசி இருந்தது, கிளினிக் கடிதம் இருந்தது. ஐசியையும் கடிதத்தையும் அவர் கேட்குமுன்பே நீட்டினேன்.

"புஷ்பராணி?" என்றார் அதிகாரி.

பின்பக்கத்திலிருந்து ர்ர்ர் என்று பிரஷ் தொடங்கிய சத்தம். அதிகாரி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அக்கா குனிந்து நிற்கிறா. பக்கத்தில் ஃபான் ரெகுலேட்டர், கறுப்பு டேப், வயர், குழாய்.

"மொகத்த மே?" என்ன இது என்று கேட்டார்.

"பல்லுக்கு, மாத்தயா, பல்லுக்கு" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அழுதேன்.

நிறுத்தச் சொல்லு என்றார். "அக்கா, நிப்பாட்டட்டாம்!"

அக்கா நிமிரவில்லை. திரும்பி அவரை ஒருதரம் பார்த்தா. வாய் முழுக்க நுரை. இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினா. இரண்டு நிமிடமாம். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் மனுசி ஆமிக்கு முன்னால் இரண்டு விரலை வெற்றிக்குறி மாதிரி உயர்த்தினால் என்ன அர்த்தம் எடுப்பார்கள்?

பிரஷ் உதறியது. அக்கா மேல் இடத்துக்கு மாறினா.

அதிகாரி குரலை உயர்த்தினார். அக்கா தலையை ஆட்டினா, மாட்டன் என்று. இரண்டாம் உதறல். கீழே. துவக்கு வைத்திருந்த ஆமிக்காரரில் ஒருவன் தன் நாக்கால் தன் கடைவாயைத் தடவிப் பார்த்தது கன்னத்தில் தெரிந்தது. பெண் பொலிஸ் மணிக்கூட்டைப் பார்த்தா. மூன்றாம் உதறல். எனக்கு அரை நிமிடம் என்றால் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை வாயால் மட்டும் சொன்ன அளவு.

நாலாவது உதறலோடு பிரஷ் நின்றது. அக்கா துப்பினா. கொப்பளித்தா. சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா.

"இப்ப கேக்கச் சொல்லு."

அதிகாரி ஃப்ளொஸரைக் காட்டி, இது எப்படி வேலை செய்யும், போட்டுக் காட்டு என்றார். "நீ காட்டு சிவா" என்றா அக்கா. நான் அவசரத்தில் ரெகுலேட்டரைத் திருகினேன். அது ஐந்துக்குப் போயிருக்கிறது. முனை வாய்க்குப் போகுமுன் சுவிட்சைப் போட்டுவிட்டேன். முதல் பீய்ச்சல் என் கண்ணில். இரண்டாவது சீலிங்கில். மூன்றாவது அதிகாரியின் கையிலிருந்த பத்திரத்தில். மை கரைந்து ஒரு பெயர் மட்டும் அழிந்தது. வேறு யார்? நான்தான்.

பெண் பொலிஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனா. அதிகாரி பத்திரத்தை உதறினார். என்னைப் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். புதுப் பத்திரம் நிரப்பி ஸ்டேசனுக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைப் பூட்டிய பிறகுதான் கேட்டேன்.

"உங்கட பல்லுக்காக என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிருந்தா?"

"உன்னை என்னத்துக்கு? பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்பாங்கள்."

"பயமில்லையா அக்கா?"

அக்கா ஃப்ளொஸர் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தா. பிறகு அதையே எடுத்துத் திரும்பவும் கவிழ்த்தா. அதை நான் கண்டதை அவ கண்டா.

"பயம்தான். அதுக்கு? அவையள் நிண்டு போயிடுவினம். நான் நிப்பாட்டினா இந்தப் பல்லு நிக்காது."

அந்தக் கிழமையே ஷோகேஸில் இருந்த நல்ல பிளேட்டுகளையும் இறக்கினா. ஸ்டேசனில் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டு வந்த எனக்கு, பூப்போட்ட பிளேட்டில் இடியப்பம் கிடைத்தது.

5. நான் படித்தது

மூன்று மாதம் முடிந்த அன்று டொக்டர் புரோப்பை விட்டு அளந்தா. நான் கார்டில் எழுதினேன். நாலு, நாலு, மூன்று, நாலு. டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு, "கழற்றத் தேவையில்லை" என்றா. அக்கா நன்றி சொல்லவில்லை. அந்த நாலு பல்லையும் காட்டிச் சிரித்தா. டொக்டர் கூடச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

சில வருடம் கழித்து விசா வந்தது. அந்த மெஷின் போகவில்லை. நம்முடைய கரண்டுக்குச் சுற்றியது, கனடாவில் ஓடாதே. எனக்குத் தந்துவிட்டுப் போனா, ரெகுலேட்டரோடு.

ஆகவே பிள்ளைகளே, ஒன்று: பிளக்கைச் செருகுமுன் சாமானின் அடியை வாசியுங்கள். இரண்டு: இரத்தம் வந்தால் நிறுத்தச் சொல்லாதீர்கள். மூன்றாவது, இரண்டு நிமிடம் என்று ஒருவருக்குச் சொல்லுமுன், அதை ஒருதரம் நின்று பாருங்கள். முடிந்தால் கதவடியில் துவக்கோடு ஆட்களை வைத்துக்கொண்டு.

போன மாதம் அக்காவோடு போனில் கதைத்தேன். எண்பதை எட்டப் போகிறா. பல் நாலும் இருக்கிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களோ அக்கா, நான் பழக்கினபடியால்தானே நாலும் மிஞ்சினது?"

"முதல்ல நீ ரண்டு நிமிஷம் தீட்டு."