தரை பார்க்க வந்தவர்

மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் ஆசைத்தம்பி ஆசாரி பாயில் உட்காரமாட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் போய் வெறுங்காலோடு நிற்பார். இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்திருக்கும். வாங்க, உக்காருங்க என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து சொன்னாலும் காதில் ஏறாது. பிறகு குந்தி, விரல் முட்டியால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். சிமிண்டா, சுண்ணாம்புக் காரையா, அடியில் மண்ணா, செங்கல் ஜல்லியா என்பது அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று விசாரிப்பார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார், குடிப்பாரா என்பதையெல்லாம் கூட வந்தவர்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பி வருவதற்கு முன்பே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவார். "எம் மகளுக்கு வேர்க்காது. பொறந்ததுலருந்தே அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால இந்தக் கூடத்துத் தரையைப் பேத்துக் குழா போடணும். சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்."

முகத்தில் அடித்தாற்போல இப்படிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் பாயில் உட்காருவார். எந்த வீட்டில் இதைக் கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டுவார்கள்? கல்யாணம் பேச வந்த இடத்தில் கடப்பாரையைப் பற்றிப் பேசுகிற மனிதரை எவர்தான் சம்பந்தி என்பார்? சோதிடரைக் கேட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்பவே மாட்டார்கள். அவர் ஊரான அமராவதிபுதூர் டீக்கடையில் இது பெரிய வேடிக்கை. மாப்பிள்ளை பார்க்கப் போனவர் தரையைப் பார்த்துவிட்டு வந்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்குள் வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும்?

ஊரில் அவருக்குக் குழாய் ஆசாரி என்று பெயர். அப்பாவும் தாத்தாவும் மரவேலை செய்தவர்கள். இவர் மட்டும் உளியை வைத்துவிட்டு பைப் ரெஞ்சைக் கையில் எடுத்தார். கட்டை குட்டையான உருவம், நரைத்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சணல் சுருள். கடையில் எந்தக் குழாயை வாங்கினாலும் ஒரு முனையை வாயில் வைத்து ஊதிப் பார்க்காமல் காசு கொடுக்கமாட்டார். கடைக்காரர் முறைப்பார், இவர் இன்னொரு முறை ஊதுவார். கோபம் வந்தால் கத்துகிற பழக்கம் கிடையாது. எடுத்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு வீட்டுக்காரரே தேடிப் போய் அழைத்து வர வேண்டும்.

மகள் வள்ளிக்கண்ணு. ஒரே பிள்ளை. வேர்வை எவ்வளவு பெரிய வரம் என்று வேர்க்கிறவர்களுக்குத் தெரியாது. துண்டால் துடைத்துப் போட்டுவிட்டுச் சலித்துக்கொள்கிறோம். வள்ளிக்கண்ணுவுக்கு அந்த வரம் இல்லை. பங்குனி பிறந்தால் உடம்பு கொதிக்கும், சித்திரையில் வலிப்பு வரும். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், பேய் பிடித்த பிள்ளை என்று வாய் கூசாமல் சொன்னவர்களும் உண்டு. காரைக்குடியில் ஒரு டாக்டர்தான் குழந்தையின் முதுகைத் தடவிப் பார்த்து, இவளுக்கு வேர்வைச் சுரப்பிகள் சரியாக அமையவில்லை, இதற்கு மருந்து கிடையாது, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றார். செட்டிநாட்டில் இருந்துகொண்டு சூடேறாமல் பார்த்துக்கொள்வதாம்! அன்றிலிருந்து ஈரத்துணியும் அண்டாத் தண்ணீருமாகத்தான் பிள்ளை வளர்ந்தாள்.

அறுபத்தொன்றாம் வருஷம், பினாங்கிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவர் ஊரில் தம் வீட்டுக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டினார். சீமையில் படித்த அவர் மகன் ஒரு படம் போட்டுக் கொடுத்திருந்தான். தரைக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதற்குள் கிணற்றுத் தண்ணீரை ஓடவிட வேண்டும். தரை குளிரும், தரை குளிர்ந்தால் மேலே இருக்கிறவர்களும் குளிர்ந்து போவார்கள். பிளாஸ்டிக் என்றால் சீப்பும் சோப்பு டப்பாவும்தான் என்று இருந்த ஊர் அது. கப்பலில் வந்து இறங்கிய குழாய்ச் சுருளைப் பார்த்துக் கொத்தனார்கள் சிரித்தார்கள். ஆசைத்தம்பி சிரிக்கவில்லை. சுருளை வெயிலில் போட்டு இளக்கி, மடிந்துவிடாமல் வளைத்து, கோலத்து இழைகளைப் போல ஒன்றையொன்று தொடாமல் பரப்பினார். தரைக்குள் ஓரிடத்தில்கூட இணைப்பு வரக்கூடாது என்பது அவர் பிடிவாதம். "உள்ளுக்குள்ள முடிச்சு இருந்தா என்னைக்காச்சும் ஒழுகும்" என்பார். தண்ணீரை நிரப்பிப் பகல் முழுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே காரை கொட்டவிட்டார்.

தரை காய்ந்து, முதன்முதலாக மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை ஓடவிட்ட அன்று, அவர் மனைவி பிச்சையம்மாள் மத்தியானச் சோறு கொண்டுவந்தாள். இடுப்பில் ஈரத்துணி சுற்றிய பிள்ளை. ஆறு வயதாகியும் கோடையில் நடக்க முடியாமல் இடுப்பிலேயே வந்துகொண்டிருந்தாள் வள்ளிக்கண்ணு. அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பிள்ளையைக் கூடத்துத் தரையில் இறக்கிவிட்டாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை குப்புறக் கவிழ்ந்து, கன்னத்தைத் தரையில் வைத்தது. கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் தங்கள் பிள்ளை தூங்கிப் பார்த்தது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. ஆசைத்தம்பி எச்சில் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செட்டியார் வீட்டில் அந்தத் தரைக்கு ஆயுசு கெட்டியில்லை. முழங்கால் விறைத்துப் போகிறது என்று செட்டியாரின் மனைவி ஆச்சி ஒரே மாதத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். குழாயில் மிச்சம் இரண்டு பெரிய சுருள் கொட்டகையில் கிடந்தது. ஆசைத்தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "இந்தக் கறுப்புக் குடலையா? எடுத்துட்டுப் போங்க ஆசாரி, எடமாச்சும் அடையாம இருக்கும்" என்றார்கள் ஆச்சி.

அவ்வளவுதான். மறுநாளே சொந்த வீட்டுத் தரையைப் பெயர்த்துவிட்டார். அது ஓட்டு வீடு, கரண்ட் கிடையாது. மோட்டாருக்குப் பதிலாகக் கிணற்றடியில் மேடை கட்டி ஒரு தகர டிரம்மை ஏற்றினார். வாளியால் இறைத்து டிரம்மில் ஊற்றினால், தண்ணீர் தானாக இறங்கித் தரைக்குள் சுற்றிவிட்டுக் கொல்லையில் வாழைக்குப் போய்விடும். டிரம் வற்ற வற்ற இறைத்து ஊற்ற வேண்டும். அதைப் பிச்சையம்மாள் பார்த்துக்கொண்டாள். இப்படித்தான் வள்ளிக்கண்ணு ஒவ்வொரு கோடையையும் தாண்டினாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தையல் கற்றுக்கொண்டு தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். வெயில் ஏறினால் தைத்ததைக் கீழே போட்டுவிட்டு, தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்வாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்பாள். வேறு யாருக்கும் அது கேட்டதில்லை.

பெண் வளர்ந்தால் கல்யாணப் பேச்சு வரத்தானே செய்யும். முதன்முதலாக அந்தப் பேச்சு எடுத்தபோது வள்ளிக்கண்ணு ஊசியில் நூல் கோத்தபடியே, "அனுப்புறதா இருந்தா இந்தத் தரையையும் சேத்துல்லப்பா அனுப்பணும்" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆசைத்தம்பி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. செட்டியார் வீட்டுச் சுருளில் இன்னொன்று பரணில் இருந்தது. அதை இறக்கித் தூசு தட்டி, ஒரு முனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வீடு வீடாகத் தரை பார்க்கக் கிளம்பினார்.

ஒன்றும் கூடிவரவில்லை. ஒருமுறை பிச்சையம்மாளின் தம்பி கருத்தையா ஒரு நல்ல இடம் கொண்டுவந்தான். இந்தத் தடவை வாயைத் திறக்காதீர்கள், கார்த்திகையில் கல்யாணத்தை முடித்துவிடலாம், கோடை வரும்போது மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மச்சானின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். ஆசைத்தம்பியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாள் குறித்தாயிற்று. மஞ்சள் வாங்கியாயிற்று. பரிசம் போடும் அன்று காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கருத்தையா அதற்கப்புறம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. பிச்சையம்மாள் அழுது தீர்த்தாள். மூடி வைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, சித்திரையில் எவனோ பேய் பிடித்தவள் என்று மகளை வெயிலில் தள்ளினால் யார் போய்க் கேட்பது என்று ஆசைத்தம்பி ஒரே ஒரு தடவை சொன்னார். வேறு சமாதானம் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் அரியக்குடிக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்கம்மாள் கணவனை இழந்தவள். மகன் வயிரவன் காரைக்குடிப் பட்டறையில் கதவு, சன்னல் செய்கிறான். அந்தத் தடவை பிச்சையம்மாளும் கூடப் போயிருந்தாள். ஆசைத்தம்பி வழக்கம்போலத் தரையில் நின்றார், தட்டினார், கிணற்றைப் பார்த்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கம்மாள் எழுந்து போகவில்லை. சோதிடத்தையும் இழுக்கவில்லை. தண்ணீர் எப்படி ஏறும், எப்படிச் சுற்றும், எவ்வளவு நேரத்துக்கு நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கம்மாள் சொன்னாள்: "தரையப் பாத்தீக. கெணத்தப் பாத்தீக. இறைக்கப்போறது யாருன்னு பாத்தீகளாண்ணே?"

ஆசைத்தம்பி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குக் கை தோளுக்கு மேல தூக்காது. மகன் விடியப் போனா பொழுது சாயத்தான் வருவான். வர்ற புள்ளையே வெயில்ல நின்னு இறைக்க முடியுமா? ஒங்க வீட்டுல இத்தன வருசமா யாரு இறைக்கிறா?"

எல்லாரும் பிச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆசைத்தம்பியும் பார்த்தார். எத்தனை வீட்டுத் தரையை, எத்தனை கிணற்றைப் பார்த்த மனிதர்! குழாயைப் பதித்ததோடு தம் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். கோடைதோறும் உச்சிவெயிலில் கிணற்றடியில் ஒருத்தி நின்றுகொண்டே இருந்தாள் என்பது அவர் நினைப்பில் ஏறவே இல்லை. தலை குனிந்துவிட்டது. சரி, இதுவும் போயிற்று என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

நிலைப்படியில் சாய்ந்திருந்த வயிரவன்தான் பேசினான். கோடை முழுக்கப் பட்டறைக்குப் போகாமல், வேலையை வாங்கிவந்து கிணற்றடி வேம்பு நிழலில் வைத்துச் செய்துகொள்வதாகச் சொன்னான். "கையில இழைப்புளி இருந்தா என்ன, கயிறு இருந்தா என்ன" என்றான். அக்கம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய் வெற்றிலைத் தட்டோடு வந்தாள்.

தை மாதம் கல்யாணம். அதற்கு முன்பே தரை போட்டாகிவிட்டது. மற்றவர்கள் சீராகக் குத்துவிளக்கும் குடமும் கொண்டுபோவார்கள். இவர் அவற்றுக்கு முன்னால் கறுப்புக் குழாய்ச் சுருளை மாலைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு அரியக்குடித் தெருவில் நடந்தார். தெருப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் பின்னாலேயே ஓடினார்கள். பங்குனியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வள்ளிக்கண்ணு தைத்துக்கொண்டிருந்தாள், வயிரவன் இறைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகள் வேறு இரண்டு படுத்துக் கிடந்தன.

அமராவதிபுதூர் வீட்டில் டிரம் காய்ந்து கிடந்தது. சித்திரை பிறந்து வெயில் கொளுத்துகிறது. ஒருநாள் மத்தியானம் ஆசைத்தம்பி சாப்பிட்டுக் கை கழுவ வந்தார். கிணற்றடியில் பிச்சையம்மாள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். எதற்கு வந்தேன் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவள் கைக்கு எட்டுகிற இடத்திலிருந்த கயிற்றை எடுத்து, வாளியை இறக்கி இறைத்து டிரம்மில் ஊற்ற ஆரம்பித்தார். பழக்கமில்லாத வேலை, பாதித் தண்ணீர் அவர்மேலேயே கொட்டியது.

"அவதான் இங்கிட்டு இல்லையே. யாருக்கு இறைக்கிறீக?"

"உள்ள போயிப் படு."

தனக்கென்ன கேடு, நன்றாகத்தானே இருக்கிறேன் என்றாள். வயதான காலத்தில் தோள் பிடித்துக்கொள்ளப் போகிறது, கயிற்றைக் கொடுங்கள் என்றாள். அவர் கொடுக்கவில்லை. இந்த வீட்டுத் தரை குளிர்ந்திருக்கும் நேரத்தில் அவள் அதில் ஒருநாளும் படுத்ததில்லை. அந்த நேரத்தில் அவள் இந்தக் கிணற்றடியில்தான் நின்றிருக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

டிரம் நிறைந்து, வற்றி, மறுபடி நிறைந்தது. உள்ளே சத்தமில்லை. ஆசைத்தம்பி கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். மகள் படுக்கிற இடத்தில் பிச்சையம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்குப் பலகைகூட வைத்துக்கொள்ளவில்லை. காய்ப்புக் காய்த்த உள்ளங்கைகள் இரண்டையும் தரையில் விரித்துப் பதித்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

ஆசைத்தம்பி அடுக்களையிலிருந்து விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பினார். கப்பி கிறீச்சிடாதபடி அதன் அச்சில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். பிறகு வாளியை மெல்ல இறக்கினார்.