முகம் கொடுக்காத பால்காரி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுகிற ஆள் நான். மன்னாரில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு சேமக்காலை, சின்ன வயதில் கல்லறைகளுக்குப் பின்னால்தான் ஒளித்துப் பிடித்து விளையாடினோம், ஒரு நாளும் ஒன்றும் என்னை வந்து பிடித்ததில்லை. அதனால் இவள் காதில் பூச்சுற்றுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது, வந்தாலும் சொல்லி முடித்த பிறகுதான் வரும்.

ஊரை விட்டு இத்தாலிக்கு வந்து, பொலிதேயாமாப் பக்கம் வயதுபோன ஒரு சிஞ்ஞோராவின், அதுதான் ஒரு வெள்ளைக்கார அம்மாவின், வீட்டில் வேலை செய்தேன். சமைக்கிறது, துடைக்கிறது, அவவைக் குளிக்க வார்க்கிறது எல்லாம் நான்தான். அந்த வீட்டில் வாசலில் இருந்து குசினி வரைக்கும் நீளமான ஒரு நடை. அதன் சுவர் முழுக்க, செத்துப்போன அவவின் புருசன் சேர்த்து வைத்த பழங்காலத்து இங்கிலீஸ் படங்கள். ராசா ராணி இல்லை. கத்தி தீட்டுகிறவன், மீன்காரி, புகைக்கூடு துடைக்கிற கரிமூஞ்சிக்காரன், சிவப்புச் சட்டைப் பட்டாளத்துக்காரன், மேளம் அடிக்கிற சிப்பாய், இப்படித் தங்கள் தங்கள் வேலை உடுப்போடு நிற்கிற ஆட்கள். ஒவ்வொன்றும் கையால் சாயம் பூசியது. அந்தக் காலத்து லண்டனில் பெண்களும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி இருந்து, ஒருத்தி எல்லாப் படத்துக்கும் சிவப்பு, அடுத்தவள் எல்லாப் படத்துக்கும் நீலம் என்று பூசித் தள்ளுவார்களாம். சிஞ்ஞோரா சொன்னது.

அதில் எனக்குப் பிடித்தவள் பால்காரி. தோளில் காவு தடி, இரண்டு பக்கமும் பால் வாளி, நீலப் பாவாடை, எங்களை நேரே பார்த்துக்கொண்டு நிற்பாள். சிவப்புப் பூசினவளுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும், கன்னத்துச் சிவப்பு, கோட்டைத் தாண்டி வெளியே ஒரு பொட்டுப் போல வழிந்திருந்தது. நானும் றெஜினாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

றெஜினா யார் என்று சொல்ல வேண்டுமே. எங்கள் கோவில் ஆள், பல்லரோச் சந்தைப் பக்கம் ஓர் அறைக்குள் வேலை இல்லாமல் இருந்தவள். எனக்குக் கை நரம்பு இழுத்தபோது, பாரமான வேலைக்கு உதவி என்று சிஞ்ஞோராவிடம் கெஞ்சி நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அக்கா, அக்கா என்று காலைச் சுற்றினவள். என் மனதில் இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் மகள் அனிற்றா. தகப்பன் இல்லாத பிள்ளை, மன்னாரில் என் தங்கச்சியோடு இருந்தாள். பிள்ளையை இங்கே எடுப்பிக்க வேண்டும் என்றால் பதினெட்டு வயது முடிய முதல் எடுப்பிக்க வேண்டும், அதற்கு எனக்கு முழு நேர வேலைக்கான கொன்த்ராத்தோ, அதுதான் வேலை ஒப்பந்தம், வேண்டும். நீ எனக்கு மகள் மாதிரி, திங்கட்கிழமை கையெழுத்து வைக்கிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டா. பிறந்தநாளுக்கு முன்னால் பேப்பர் எல்லாம் கொடுக்க நேரம் மட்டுமட்டாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோசத்தில் படங்களைத் துடைத்தபடி றெஜினாவிடம் ஒரு பகிடி விட்டேன். பால்காரியைக் காட்டி, மகள் வரட்டும், பிறகு நாங்கள் இரண்டு பேரும் இவளுடைய லண்டனுக்குப் போய்ப் பால் விற்போம் என்றேன். வாயால் வந்த சும்மா கதை. லண்டனில் எனக்கு நாய்க்குட்டி கூடத் தெரியாது.

பிறகு ஒரு பின்னேரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து சிஞ்ஞோரா படுத்திருந்தா, வெயிலுக்காக யன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தது, ஆனாலும் ஆள் முகம் தெரிகிற வெளிச்சம். றெஜினா அன்றைக்கு வரவில்லை. நான் துணியோடு நடையில் வந்தேன், கத்தி தீட்டுகிறவன், மீன்காரி, பட்டாளத்துக்காரன், எல்லாரும் வழக்கம் போல நின்றார்கள். பால்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நம்பினால் நம்புங்கள். அதே நீலப் பாவாடை, அதே காவு தடி, அதே வாளிகள். முகம் இருந்த இடத்தில் தொப்பியின் பின்பக்கமும் கழுத்தும். அதை விட மோசம், அந்தச் சிவப்புப் பொட்டு மட்டும் பழைய இடத்திலேயே, கன்னமே இல்லாத வெறும் வெளியில் நின்றது. கண்ணாடிக்குள் கடதாசியை மாற்றி வைத்திருக்கிறார்களோ என்று சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். தூசியும் துருப்பிடித்த ஆணியும் யாரும் பிரிக்காத பழைய ஒட்டும்தான். என்ன நடந்தது, ஏன் எனக்கு முகம் தர மாட்டேன் என்கிறாய் என்று படத்தோடு கதைத்தேன் என்றால் பாருங்கள். படம் எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள், சுவரில் இருக்கிறதைக் கைப்போனில் படம் பிடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டளை.

சிஞ்ஞோரா எழும்பியதும் கேட்டேன். அவள் எப்போதும் அப்படித்தானே, முதுகுதானே தெரியும் என்றா. அப்படிச் சொல்லும்போது அவவும் என்னைப் பார்க்காமல் கோப்பையைத்தான் பார்த்தா.

திங்கட்கிழமை சிஞ்ஞோராவின் வாயால் விசயம் வெளியில் வந்தது. மகள் வந்த கையோடு நான் லண்டனுக்கு ஓடப் போகிறேனாம், தன்னை இந்த வயதில் தனிய விட்டுவிட்டுப் போகிறவளுக்குத் தான் கையெழுத்து வைக்க மாட்டாவாம். கொன்த்ராத்தோ றெஜினாவின் பெயரில் எழுதி முடிந்திருந்தது. நான் கூட்டிக்கொண்டு வந்தவள், என் கோப்பையில் தேத்தண்ணி குடித்தவள், என் பகிடியை எடுத்துக்கொண்டு போய் என் பிள்ளையின் கழுத்தை அறுத்துவிட்டாள்.

குசினிக்குள் போனேன். றெஜினா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை.

"நீங்கள் சொன்னதைத்தானே அக்கா சொன்னனான்."

எனக்கு அந்த நேரத்திலும் வாயில் வந்தது வேறு கேள்வி. பால்காரியின் கன்னத்துச் சிவப்பைப் பார்த்து நாங்கள் சிரித்தது நினைவில்லையா என்று கேட்டேன்.

"என்ன கன்னம்? அவள் எப்பவும் முதுகுதானே காட்டிக்கொண்டு நிக்கிறவள்," என்றாள், முகம் கொடுக்காமலே.

அதுவும் பொய்யோ, அதுதான் உண்மையோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு கோவிலில் கண்டபோதும் அவளுடைய முதுகைத்தான் கண்டேன். குற்றமுள்ள நெஞ்சு, எப்படி என் முகத்தில் முழிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டு, கபோவில், கடற்கரைப் பக்கத்தில் என்று எத்தனை வீட்டு மணியை அடித்திருப்பேன். வேலை கிடைத்தது, கொன்த்ராத்தோ கிடைக்கவில்லை. அனிற்றாவின் பிறந்தநாள் வந்து போனது.

அன்றைக்கு வீடியோ கோல் எடுத்தேன். பிள்ளை கதைத்தாள், பரவாயில்லை அம்மா என்றாள். ஆனால் எனக்குத் தெரிந்தது அவளுடைய பின்னல் மட்டும். கோபம் என்று விளங்கியது, அவளுக்கும் நான் வாக்குக் கொடுத்து ஏமாற்றினவள்தானே. போனைக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அம்மாவுக்கு ஒருக்கால் முகம் குடுத்துக் கதை பிள்ளை."

பக்கத்தில் இருந்த என் தங்கச்சிதான் பதில் சொன்னாள்.

"அக்கா, என்ன கதைக்கிறியள்? அவள் உங்களைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாள்."

அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கதைத்துவிட்டோம். கண் டொக்டரிடமும் போனேன், கண்ணில் ஒன்றுமில்லை என்கிறார். தங்கச்சியின் முகம் தெரிகிறது, தங்கச்சியின் புருசனின் முகம் தெரிகிறது. போன கிழமை அனிற்றா தன்னைத் தானே எடுத்த படம் ஒன்று அனுப்பினாள், புதுச் சட்டை போட்டு. நான் அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவள் கேட்டாள், அம்மா, என் முகம் அப்படியே உங்களை மாதிரி வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், உண்மையோ என்று.

ஓம் பிள்ளை என்றேன்.