சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அடையாறில் நான் வேலை பார்க்கும் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்றை முதலாளியே ஓட்டிக்கொண்டு தி.நகரில் இருக்கும் தன் புடவைக் கடைக்குப் போய்விடுவார். இன்னொன்று சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். வெளிநாட்டு வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம், தரையோடு தரையாக இருக்கும். என் வேலை அந்த வண்டிக்கு மட்டும்தான். காலையில் கவரை எடுத்துவிட்டுத் துடைப்பேன், கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை வரை ஓட்டிப்போய்த் திரும்புவேன். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. கிலோமீட்டர் ஏறினால் விலை இறங்கும் என்பார் முதலாளி. முட்டி வலி வந்த பிறகு அவர் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

கார் வந்த புதிதில் ஊரில் அதைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. சிக்னலில் நின்றால் பைக்கில் வருகிறவர்கள் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஆட்டோக்காரர்கள் விலை கேட்பார்கள். யாராவது முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கூச்சம். கண்ணாடியை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை பேர் கண் படுகிறதே என்று வெள்ளிக்கிழமைதோறும் முன்பக்கம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டுவேன்.

அப்போது அந்தக் கம்பெனி கொஞ்சமாகத்தான் வண்டி செய்தது. பணம் கட்டிவிட்டு நெடுநாள் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பழைய வண்டியையே புதிதைவிட அதிக விலைக்கு வாங்கினார்கள். முதலாளியிடமும் வந்து கேட்டார்கள். அவர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

பிறகு கம்பெனி இன்னொரு தொழிற்சாலை திறந்ததாம். அதே முத்திரையோடு நான்கு கதவு வைத்த பெரிய வண்டியும் வந்தது. எனக்கு இது சிக்னலில்தான் தெரிந்தது. போன் எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் மயிலாப்பூர் குளத்தருகே பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். படம் எடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "அண்ணே, கொஞ்சம் ஓரமா எடுங்க, பஸ் வருது" என்றார். அன்று கூச்சம் வரவில்லை. ஆனால் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி காரை விற்க முடிவு செய்தார். கார் போனால் அந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து அரசாங்கம் எங்களை ஊருக்கு வெளியே குடிவைத்த பிறகு பஸ் மாறி மாறித்தான் வருகிறேன். இந்த வயதில் புதிதாக ஒரு கேட் முன்னால் நின்று வேலை கேட்க என்னால் ஆகாது.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு புரோக்கர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி சூப்பரா கீது சார். ஆனா முன்னெல்லாம் காசை கையில வெச்சிக்கினு நின்னாலும் கெடைக்காது. இப்போ கம்பெனிக்காரனே வா வான்றான். புதுசே கெடைக்கும்போது பழசை எவன் சார் எடுப்பான்?"

"ஒரு கீறல் இருக்காப்பா இதுல?"

"கீறல் வண்டில இல்ல சார், மார்க்கெட்ல கீது."

அவர் போன பிறகு முதலாளி காரைப் பார்த்தபடியே சொன்னார். "கடையில நானும் இதைத்தானே பண்றேன். ஒரு டிசைன் நல்லா போச்சுன்னா இன்னும் போடச் சொல்றேன். மொதல்ல ஆசையா வாங்கினவங்க, கல்யாணத்துல நாலு பேர் அதையே கட்டிட்டு வந்தா என்னைத்தானே திட்டுவாங்க."

அடுத்த வாரம் புரோக்கர் ஒருவரை அழைத்து வருவதாகப் போனில் சொன்னார். அன்று காலை எனக்கு ஒன்று தோன்றியது. வண்டி வந்தபோது கோயில் வாசலில் பூஜை போட்டோம். போகும்போதும் அப்படியே அனுப்புவோம் என்று சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஒரு அடி நகர்த்தினேன்.

கேட்டுக்குள் வந்ததும் புரோக்கர் நசுங்கிய பழத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, வேற பார்ட்டி பூஜை போட்டாச்சா?"

எங்கள் பக்கத்தில் வண்டியை வாங்குகிறவர்தான் சக்கரத்தில் பழம் வைப்பார், விற்கிறவர் வைப்பதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டார். வாங்க வந்தவர் புரோக்கரைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, புரோக்கர் போனில் சொன்ன விலையைவிட நிறையக் கூட்டிக் கேட்டார். அதே வண்டி, அதே சிவப்பு. அவருக்கு முன்னால் யாரோ ஒருவர் அதற்கு ஆசைப்பட்டிருக்கிறார் என்பதுதான் புதிது.

பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணா, பூஜை யார் போட்டாங்க? எப்ப எடுக்குறாங்க?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார் போட்டேன். வேற யாரும் வரல."

புரோக்கர் தலையில் கை வைத்தார். "நைனா, எப்ப வந்தாலும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நிப்ப. இன்னிக்குன்னு பாத்துப் பேசிட்டியே."

முதலாளிதான் முதலில் சிரித்தார். விலை பழைய இடத்துக்கே வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. "வேணாம்பா, இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

வேலை போய்விடுமே என்றுதான் உண்மையைச் சொன்னேனா என்று பஸ்ஸில் போகும்போது பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் எதுவும் நினைக்கவில்லை. கேட்டார், சொன்னேன். ஆனால் வயிறு நம்மைக் கேட்டுக்கொண்டா நினைக்கிறது? முதலாளியும் இதுவரை கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு பழத்தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"இனிமே இதுக்கு எதுக்குப்பா கிலோமீட்டர் கணக்கு?" என்றார் முதலாளி. "மந்தைவெளியில காய் வாங்கணுமாம். எடு வண்டியை."

"உங்களால உக்கார முடியுமாங்கய்யா?"

"உள்ள விழறது என் பாடு. வெளிய இழுக்கறது உன் பாடு."

அப்படித்தான் நடந்தது. மந்தைவெளியில் காய்க் கடை முன்னால் இரண்டு கையையும் பிடித்து அவரை இழுத்து நிறுத்தினேன். முருங்கைக்காய் டிக்கியில் நுழையவில்லை. வீடு வரை அவர் மடியிலேயே வந்தது. இப்போது காய்க்கும் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் அந்த வண்டிதான். வேகத்தடைகளில் அடி தட்டுகிறது. அவர் மடியில் இருக்கும் பையைப் பிடித்துக்கொள்கிறார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் மிளகாய் கோத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இனிமே இதுமேல யார் கண்ணுப்பா படப்போவுது?" என்றார்.

"என் கண்ணு இருக்கேங்கய்யா" என்றேன்.